கிழவன் நோவாக்கின் பால்

1

என் மகளின் மாமனார் ஒரு கல்லறையைத் தேடி ஜேர்மனிக்கு வந்தார். பெயர் ரொஸ் நோவாக்; மருமகன் டானியலின் தகப்பன். தென் அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில், மழை குறைந்த மணற்பாங்கான நிலத்தில், கோதுமையும் செம்மறியுமாக வாழ்பவர். அவருடைய குடும்பத்தின் முதல்வன் யோஹான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டின் கிழக்கெல்லைக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறியவன். அந்த யோஹானின் தாய் தந்தையரின் கல்லறையில் பொருத்துவதற்கென்று ரொஸ் ஒரு பித்தளைத் தகடு செய்வித்துக் கொண்டுவந்திருந்தார். ‘திரும்பி வந்தோம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி; அதன் கீழே குடும்பப் பெயர். தகட்டுடன் நான்கு திருகாணிகளும் இருந்தன.

அவர் வந்தது என் மனைவி மலரின் ஆட்டைத் திவசம், அதாவது முதலாம் ஆண்டுத் திதி, வரவிருந்த கிழமையில். அந்த ஒரு வருடத்தில் நான் எந்தக் கதிரையிலும் நெடுநேரம் இருந்ததில்லை. காலையில் டிராமில் இடுகாட்டுக்குப் போவேன்; திரும்பி வந்ததும் எதையோ அங்கே விட்டுவந்தது போலிருக்கும்; சில நாள்களில் பிற்பகலிலும் போவேன். இப்படி இருந்த நாள்களில்தான் மகள் அனுஷா ஒரு மாலை என்னிடம் இறங்கி வந்தாள்.

“அப்பா, ஒண்டு சொல்லவேணும். ரொஸ் மாமா சும்மா ஊர் பாக்க வரேல்லை. டானியலைத் திரும்பி வந்து பண்ணையைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேக்கப் போறார்.”

“டானியல் என்ன சொல்லுறார்?”

“அவர் என்ர முகத்தைப் பாக்கிறார்.”

“நீ?”

“நான் உங்கட முகத்தைப் பாக்கிறன். நீங்கள் ஜன்னலைப் பாக்கிறியள்.”

அவள் சொன்னது உண்மை. டார்ம்ஸ்டாட் நகரின் விளிம்பில், சரிவான காணியில் கட்டப்பட்ட வீடு எங்களுடையது. மேல் இரண்டு தளங்களில் மகள், மருமகன், ஐந்து வயதுப் பேத்தி மிலா. கீழே பாதி நிலத்துக்குள் புதைந்தாற்போல் தனிவாசலுள்ள சிறு குடியிருப்பு என்னுடையது. என் சமையலறை ஜன்னலில் பாதை மட்டும் தெரியும். பாதையில் போவோர் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிவர். மலர் சப்பாத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாள். அந்த ஜன்னலுக்காகவே இந்த இடம் போதும் என்றாள். “பிள்ளை வெளிய போறதும் வாறதும் காலிலையாவது தெரியும்” என்பது அவளுடைய நியாயம்.

2

நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகவும், பத்திரங்கள் எழுதிப் பதியும் நொத்தாரிசாகவும் சில ஆண்டுகள் தொழில் செய்தவன். இங்கு வந்தபின் அந்தத் தகைமைகளுக்குப் பெறுமதி இருக்கவில்லை. அகதி விசாரணைகளிலும் நீதிமன்றங்களிலும் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளனாக ஓய்வுபெறும்வரை பணியாற்றினேன். பிறர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மற்ற மொழியில் சொல்வதே என் வேலை. சொன்னதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு என்பதை முகத்தில் காட்டாதிருப்பதும் அதில் அடக்கம். நாளடைவில் அது முகத்தின் இயல்பாகிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சிலர், “அண்ணை நல்லாத் தாங்கிக்கொண்டிருக்கிறார்” என்று மகளிடம் சொல்லிப் போனார்கள்.

ஊரில் நான் எழுதிய காணி உறுதிப் பத்திரங்களில் பெரும்பாலானவை சீதன உறுதிகள். வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதிக் கொடுக்கும் பெற்றோர், கடைசிப் பந்தியில் ஒரு வாசகத்தைக் கேட்டு வாங்குவர். தம் ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் இருக்கவும், கிணற்றைப் பாவிக்கவும், வளவின் பலனை அனுபவிக்கவும் தமக்கு உரித்து உண்டு என்பது அந்த வாசகம். சீவிய உரித்து என்று அதற்குப் பெயர். மகளிடம் அவர்களுக்கு நம்பிக்கைக் குறைவு ஏதும் இருந்ததில்லை. காலத்திடம்தான் இருந்தது.

இந்த வீட்டை வாங்கியபோது எங்கள் சேமிப்பும் அதில் சேர்ந்தது. மருமகன் தானாகவே ஜேர்மன் நொத்தாரிசிடம் சென்று, கீழ்க் குடியிருப்பில் ஆயுளுக்கும் இருக்கும் உரித்தை எங்கள் இருவர் பெயரிலும் காணிப் பதிவில் எழுதுவித்தார். வீடு கைமாறினாலும் அந்த உரித்து வீட்டோடு போகும். நொத்தாரிசு அதை உரக்க வாசித்தபோது மலர் என் காதில், “ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தியள், இப்ப உங்களுக்கே எழுதுப்பட்டிட்டுது” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் இறந்தபின் அது ஒருவரின் உரித்தாயிற்று.

அவளுடைய சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைக்கவேண்டும் என்று உறவினர் வற்புறுத்தினர். “நான் இனி விமானம் ஏறமாட்டன்” என்று மருத்துவமனையில் அவளே சொல்லியிருந்ததால் நான் இணங்கவில்லை. இந்நாட்டுச் சட்டப்படி அஸ்திக் கலசத்தை வீட்டில் வைக்க இயலாது, இடுகாட்டில் புதைக்கவேண்டும். புதைத்த இடமும் என்றென்றைக்கும் உரியதன்று. குறித்த காலத்துக்கு மட்டுமே உரித்து. காலம் முடிந்தபின் நீடிக்க ஆளில்லாவிட்டால் கல்லை அகற்றி நிலத்தைச் சமப்படுத்திவிடுவர். அந்தப் பத்திரத்தை வாசித்துக் கையெழுத்திட்டபோது, நான் வாசித்த எல்லாப் பத்திரங்களிலும் இதுவே தெளிவான மொழியில் எழுதப்பட்டது என்று தோன்றியது.

3

ரொஸ் ஆங்கிலத்தில் பேசினார். அதை என் ஊர்ப் பேச்சிலேயே இங்கு தருகிறேன். அவருடைய ஆங்கிலமும் புத்தக ஆங்கிலம் அன்று.

முதல் நாள் நான் அவரை “மிஸ்டர் நோவாக்” என்று அழைத்தேன். “அது என்ர அப்பா. அவர் செத்தாச்சு. நான் ரொஸ்” என்றார். என் பெயர் நவரத்தினம். அதை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, “நவம் காணும்தானே?” என்று கேட்டார். அது போதும் என்றேன். அவர் எனக்குச் சம்பந்தி என்றும், அந்த உறவுக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் இல்லை என்றும் விளக்கினேன். “சொல்லில்லாட்டி சண்டையும் இல்லை” என்றார். எங்கள் ஊர்ச் சம்பந்திகளை அவர் கண்டதில்லை.

அவரிடம் ஆறு தலைமுறை மனப்பாடமாக இருந்தது. நாங்கள் இருவரும் ரயிலில் கிழக்கே போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு வந்தார். யோஹான் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு மாட்டுவண்டியின் பின்னால் நடந்தவன். அவன் மகன் கொட்லீப், வேரிலிருந்து பல தண்டாக முளைக்கும் புதர்க்காட்டை உருளையால் நசுக்கி எரித்து நிலம் திருத்தியவன். எரித்த இடத்தில் அடுத்த வருடமும் முளைத்ததால், ஆயுள் முழுவதும் கட்டை பிடுங்கியவன். அவன் மகன் பேர்ட் காலத்தில் முதல் உலகப்போர் வந்தது. ஜேர்மன் ஊர்ப் பெயர்களை அரசு மாற்றியது. பேர்ட் வீட்டுக்குள் ஜேர்மன் பேசுவதை நிறுத்தினான். ரொஸின் தகப்பன் கிளெம் காலத்தில் மழை பொய்த்து, மேல்மண் காற்றோடு போயிற்று. வேலி மணலில் புதைந்து, அதன்மேல் இன்னொரு வேலி போட்டார்களாம்.

“நான் அஞ்சாவது. டானியல் ஆறாவது. அவன் இஞ்சை மோட்டாருக்கு மென்பொருள் எழுதுறான்” என்றார். குற்றம் சொல்லும் தொனி இல்லை. வானிலை சொல்வது போலிருந்தது.

“கிளெம் நிலத்தை உங்களிடம் தந்தபின் எங்கே இருந்தார்?” என்று கேட்டேன். தொழில் பழக்கத்தில் வந்த கேள்வி.

“சின்ன வீட்டிலை. கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன வீடு இருக்கு. மகன் பொறுப்பெடுத்தா தகப்பன் அதுக்குப் போறது. நாள் தவறாமல் காலமை வந்து, நான் விதைக்கிறது பிழை எண்டு சொல்லிப்போட்டுப் போவார்.” சற்றுப் பொறுத்து, “இப்ப அது காலியா இருக்கு. ஆட்டு மயிர் கத்தரிக்கிற ஆக்கள் தங்கின விடுதியும் காலி. நவம், நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். விடுதியைத் திருத்தினா ஒரு அந்தத்திலை நீங்கள், மற்ற அந்தத்திலை நான். நடுவிலை சமைக்க ஒரு குசினி. சண்டை வந்தா நடுவிலை சுவர்.”

சம்பந்தி வீட்டில் போய் இருந்து சாப்பிடுவது எங்களுக்கு முடியாத காரியம் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் அவமதிப்பாகவே வரும். ஆதலால், “யோசிக்கிறேன்” என்றேன். அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொன்னேன். இந்நாட்டில் பழைய கல்லறைகள் இரா. காலம் முடிந்தால் சமப்படுத்திவிடுவார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. “தேவாலய வளவுக்குள்ளை அப்பிடிச் செய்யமாட்டினம். எங்கட வளவிலை பிறந்த அண்டே செத்த பிள்ளையளுக்கும் கல்லு இருக்கு” என்றார். கைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். திருகாணிகள் உள்ளே உரசும் சத்தம் கேட்டது.

4

பௌட்சன் நகரில் இறங்கி வாடகைக் காரில் போனோம். அது சோர்பியர் எனப்படும் சிறிய மொழிச் சமூகத்தின் நிலம். ஊர்ப் பலகைகளில் இரண்டு மொழிகள். இரண்டாவது மொழி சற்றுச் சிறிய எழுத்தில். நான் அதைப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை.

தேவாலயக் காரியாலயத்தில் இருந்த பெண்மணி முதலில் கேட்டது, டெர்மின் எடுத்திருக்கிறீர்களா என்பது. முன்கூட்டி நேரம் குறிக்காமல் இந்நாட்டில் எவரையும் காண இயலாது. நான் மொழிபெயர்த்ததும் ரொஸ் சொன்னார்: “எடுத்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ. நூற்றெழுபது வருசம் பிந்திப்போனம்.” அதையும் மொழிபெயர்த்தேன். பெண்மணி சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து வந்தார்.

இடுகாடு மிகச் சுத்தமாக இருந்தது. பூச்செடிகள், நீர்க்குழாய், வரிசையாகத் தொங்கும் பச்சை நிற நீர்த்தெளிப்பான்கள். கற்கள் எல்லாம் புதியவை. ரொஸ் ஒவ்வொரு வரிசையாக நடந்து முடித்துத் திரும்பி வந்தார்.

“பழையது எங்கை?”

பெண்மணி காலடியைக் காட்டினார். “இங்கேதான். இதே நிலம்தான். மேலே மேலே வேறு ஆட்கள்.”

ரொஸ் தாம் நின்ற இடத்திலிருந்து ஓரடி விலகி நின்றார். பிறகு அங்கும் நிற்க மனமில்லாமல் சரளைப் பாதைக்கு வந்துவிட்டார். இத்தனை பெரிய உடம்புக்காரர் இவ்வளவு மெதுவாகக் கால் வைப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

நோவாக் குடும்பத்தின் பழைய பண்ணைவீடு இன்னும் இருப்பதாகவும், இப்போது ஷூஸ்டர் என்பவருடையது என்றும் பெண்மணி சொல்லித் தொலைபேசியில் அறிவித்தார். நடந்து போகும் தூரம். முற்றத்தின் மூன்று பக்கமும் கட்டடம். நடுவில் பெரிய வீடு. ஒரு பக்கம் களஞ்சியம். மறுபக்கம் தனியாக ஒரு சிறு வீடு, தாழ்ந்த கதவுடன். ஷூஸ்டர் எழுபதை நெருங்கியவர். அவரும் மனைவியும் வாசலில் கோப்பியும் கேக்கும் வைத்துக் காத்திருந்தனர்.

“நோவாக்!” என்றார் ஷூஸ்டர், ரொஸின் கையைக் குலுக்கியபடி. “பால்கார நோவாக்கா?” என்று சொல்லி வெடித்துச் சிரித்தார். “ஹைன்ஸ்!” என்று கணவரைப் பெயர் சொல்லி மனைவி அதட்டினார். ரொஸ் என்னைப் பார்த்தார்.

ஷூஸ்டர் அந்தச் சிறு வீட்டைக் காட்டிச் சொன்ன கதை இது. அவருடைய முன்னோர் ஒருவர் இந்தப் பண்ணையை வாங்கியது, கப்பலுக்கு அவசரப்பட்ட ஓர் இளைஞனிடமிருந்து. விலை மலிவு. ஏனென்றால் பண்ணையோடு ஒரு கிழவனும் கிழவியும் வந்தனர்; விற்றவனின் தாய் தந்தை. நிலத்தை மகன் பெயருக்கு எழுதியபோது அவர்கள் தமக்கென வைத்துக்கொண்ட உரித்து, வாங்கியவரையும் கட்டுப்படுத்திற்று. ஆயுள் உள்ளவரை அந்தச் சிறு வீடு, விறகு, கிணற்றுக்கு வழி, நாள்தோறும் ஒரு குவளை பால். அவுஸ்கெடிங்க என்று இப்பகுதியில் அதற்குப் பெயர்.

ஷூஸ்டர் விளக்கத் தொடங்குமுன்பே எனக்கு அது விளங்கிவிட்டது. பெயர் மட்டும்தான் எனக்குப் புதிது. வாசகம் என் கையெழுத்திலேயே எத்தனையோ உறுதிகளில் இருக்கிறது.

“இரண்டு குளிர்காலம் தாங்கமாட்டான் என்று நினைத்து வாங்கினார்கள்” என்றார் ஷூஸ்டர். “கிழவி போய்விட்டாள். கிழவன் போகவில்லை. வாங்கியவர் செத்தார், கிழவன் இருந்தான். வாங்கியவரின் சின்ன மகள்தான் பால் கொண்டுபோவாளாம். குவளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவானாம். ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. உரித்துக்கு எதற்கு நன்றி? அதனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும், போகாத விருந்தாளி, பழுதாகாத பழைய குளிர்சாதனப் பெட்டி, என் மாமியார், எல்லாருக்கும் ஒரே பெயர்தான். கிழவன் நோவாக்.”

“என் அம்மாவைச் சேர்க்காமல் விடமாட்டீர்” என்றார் மனைவி.

“தொண்ணூற்றிரண்டு வயது!” என்றார் ஷூஸ்டர் எங்களிடம், பெருமையாக.

அவருடைய குடும்பத்தில் இந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் வளர்ந்திருக்கிறார்கள். அதில் துளியும் தீங்கு இல்லை. ஆனால் ரொஸின் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்தது வேறு. பெற்றோரை அடக்கம் செய்துவிட்டு, கண்ணீரோடு கப்பலேறினான் யோஹான் என்பதை அவர் ரயிலில் எனக்கு இருமுறை சொல்லியிருந்தார்.

நீதிமன்றத்தில் இத்தகைய கணங்கள் எனக்கு நேர்ந்ததுண்டு. ஒரு மூச்சளவு தாமதித்தேன். பிறகு முழுவதையும் மொழிபெயர்த்தேன். குளிர்சாதனப் பெட்டியையும் மாமியாரையும் விடவில்லை.

ரொஸ் கேக் துண்டை வைத்த தட்டைக் கையிலேயே பிடித்திருந்தார். “அந்த விக்கிற இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார். சொன்னேன். “அப்ப அவை சாகேல்லை.”

“இல்லை.”

“இதிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்திருக்கினம்.”

சிறு வீட்டின் கதவு பாதையைப் பார்த்தபடி இருந்தது. ஷூஸ்டர் நல்ல மனிதர். தகட்டைப் பற்றி அறிந்ததும், அந்தச் சுவரில் பொருத்தலாம் என்று துளைக்கும் கருவியையும் எடுத்து வந்துவிட்டார். ரொஸ் தகட்டை வெளியே எடுத்து, அதிலிருந்த வரியை வாசித்துப் பார்த்து, மறுபடி பைக்குள் வைத்தார்.

“ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பி வந்திட்டம் எண்டு ஆருக்குச் சொல்லுறது?” என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்னிடம் சொன்னது அது.

5

திரும்பும் ரயிலில் அவர் தலைமுறைகளைச் சொல்லவில்லை. டிரெஸ்டனைத் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்த்தபடி இருந்தார்.

“ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, நவம். பேர்ட் பொய் சொல்லுற ஆளில்லை. சொல்லச் சுகமான மாதிரி கதை தேஞ்சு வந்திருக்கு.”

“அப்படித்தான் நடக்கும்” என்றேன்.

நான் என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன். நான் புறப்பட்டபோது அவர் வாசல் படலையடியில் நின்றார். போர்க்காலத்தில் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்குப் பயணப் பத்திரம் இல்லை. என் பேத்தி என்றைக்காவது கேட்டால், அவளுக்கு எந்தக் கதை போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. அதையும் யாராவது சுகமாக்கிவிடுவார்கள்.

லைப்சிக் நெருங்கும்போது ரொஸ் என் பக்கம் திரும்பினார்.

“நான் டானியலிட்டைக் கேக்கமாட்டன். பக்கத்து நிலக்காரன் வாங்கக் காத்திருக்கிறான். அவனுக்கே குடுத்திடுறன். உங்களை அந்தக் கிழவன்ர நிலைக்கு விட்டிட்டு என்ர பெடியனைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஏலாது. பிள்ளையளிட்டை ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் மனம் மாறிட்டன் எண்டு சொல்லிப்போடுறன்.”

ஆறு தலைமுறையை ஒருவர் எதிர் இருக்கையிலிருந்து என்னிடம் நீட்டினார். நான் மறுத்திருக்க வேண்டும். தலையை மட்டும் அசைத்தேன். எதற்கு அசைத்தேன் என்று எனக்கே தெளிவில்லை. வீடு வந்து சேர்ந்து படுத்தபோது, அந்த வருடத்தில் முதன்முறையாக நன்றாக உறங்கினேன். விழித்தபோது அந்த உறக்கம் பிடிக்கவில்லை.

6

திவசத்தன்று மகள் விடுப்பு எடுத்துச் சமைத்தாள். மலருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியில் உப்புக் கூடிவிட்டது; ஒருவரும் சொல்லவில்லை. படைத்தபின் முதல் உருண்டையை முற்றத்து மதிலில் வைத்தோம். டார்ம்ஸ்டாட்டில் காகத்துக்குக் குறைவில்லை. ரொஸ் ஜன்னலருகே நின்று பார்த்தார்.

“எங்கட இடத்திலை இதைக் கண்டா துவக்கைத் தூக்குவம். ஆட்டுக்குட்டியின்ர கண்ணைக் கொத்தும்.”

“பொப், அது அம்மம்மா!” என்று, தகப்பன்வழித் தாத்தாவைப் பொப் என்றே அழைக்கும் மிலா ஜேர்மன் மொழியில் கத்தினாள். டானியல் மொழிபெயர்த்தார். ரொஸ் தொப்பியைக் கழற்றினார். “மன்னிக்கவேணும், மலர்” என்று காகத்திடம் சொன்னார். அன்று நாங்கள் சிரித்தது அப்போதுதான். அனுஷா சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிற்பகலில் அவளும் நானும் மட்டும் இடுகாட்டுக்குப் போனோம். அவள் வாடிய பூக்களைக் கிள்ளினாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

“ரொஸ் மாமா மனம் மாறிட்டாராம். நிலத்தை விக்கப்போறாராம்” என்றாள், கிள்ளுவதை நிறுத்தாமல். “டானியல் ரெண்டு நாளா ஒழுங்காக் கதைக்கிறாரில்லை.”

“நீ?”

“எனக்கென்ன? நல்லதுதானே.” செடியின் பச்சை இலைகளையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “மிலாவுக்கு அங்கை ஒரு பள்ளிக்கூடம் பாத்து வைச்சிருந்தன். பதினாலு பிள்ளையள்தானாம் முழுப் பள்ளிக்கூடத்துக்கும். சும்மா பாத்தனான்.”

சும்மா என்ற அந்தச் சொல்லைச் சாட்சிக் கூண்டில் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

“அனுஷா, ஒரு கேள்வி கேக்கிறன். நீ போக விரும்புறியோ?”

“அப்பா, நீங்கள் இஞ்சை தனிய...”

“அது ரெண்டாவது கேள்வி. ஒரு சாட்சியிட்டை ஒரு நேரத்திலை ஒரு கேள்விதான் கேக்கலாம். விரும்புறியோ?”

அவள் தாயின் பெயர் பொறித்த கல்லைப் பார்த்தாள். பிறகு என்னை.

“ஓம் அப்பா.”

“அப்ப போங்கோ.”

“நீங்களும் வாங்கோ.”

“ஏலாது. அம்மாவின்ர இடத்துக்கு இன்னும் காலம் கிடக்கு. அதுக்கு ஆள் வேணும்.”

“இஞ்சை தனிய இருந்து என்ன செய்வியள்?”

ரொஸ் அந்தக் கதையை அவளிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். ஆகவே, “கிழவன் நோவாக் மாதிரி இருப்பன்” என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு, என்னைக் கட்டிப்பிடித்து, சிறுவயதில் அழுததுபோல அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த நீர்த்தெளிப்பானைக் கீழே வைக்க இடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில நிபந்தனைகள் சொல்லலாம் என்று வழியெல்லாம் எண்ணினேன். மிலாவுடன் தமிழில் பேசவேண்டும். வருடம் ஒருமுறை வரவேண்டும். நிறைவேற்றுவிக்க இயலாத நிபந்தனையை உறுதியில் எழுதலாகாது என்பது நான் கற்ற பாடம். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரொஸிடம், “உங்கள் தலைமுறையைத் திருப்பித் தருகிறேன்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். நீண்ட நேரம் விடவில்லை. விமான நிலையத்தில், தகட்டைத் தாம் குடிபுகப்போகும் சின்ன வீட்டின் கதவில் பொருத்தப்போவதாகச் சொன்னார். “அங்கைதான் அது பொருந்தும். ஆரும் திரும்பி வந்தா வாசிக்கட்டும்.”

7

வீட்டை விற்க எடுத்த மாதங்கள் வேடிக்கையானவை. என் உரித்து வீட்டோடு போவதால், நான் இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன் என்று கணித்து விலையைக் குறைத்துக் கேட்பது இங்கு முறை. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் மிகுந்த கரிசனையோடு உடல்நலம் விசாரித்தனர். கடைசியில் வாங்கியது கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கு வேலைசெய்யும் ஓர் இளம் தம்பதி, கார்த்திக், நந்தினி.

“அங்கிள், ஹெல்த் எல்லாம் எப்படி இருக்கு?” என்று கார்த்திக் கேட்டார்.

“மிக நன்றாக இருக்கிறது. அதற்காக வருந்துகிறேன்” என்றேன்.

அவர் திகைத்துப்போனார். பின்னால் நின்ற நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சார் பயங்கர ஷார்ப்ங்க. வாங்கிரலாம்” என்று கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அனுஷா போய் எட்டு மாதங்கள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் முகம் காட்டுகிறாள். பின்னால் எல்லையில்லாத ஒரு வெளி தெரிகிறது. மிலா இப்போது ஜேர்மன் மொழியையும் விட்டு ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். “அம்மப்பா” என்ற ஒரு சொல் மட்டும் இன்னும் தமிழில் இருக்கிறது. ரொஸ் காலையில் பண்ணைக்குப் போய் டானியல் விதைப்பது பிழை என்று சொல்லிவிட்டு வருகிறாராம். நான் இப்போதும் காலையில் டிராம் ஏறுகிறேன். பிற்பகலில் சில வேளைகளில் ஜன்னலடியில் நிற்கிறேன். மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். பிறகுதான் அது வேறு நாற்காலி என்று நினைவு வருகிறது.

நேற்று ஜன்னலில் நீல நிற இறப்பர்ச் செருப்பு ஒன்று வந்து நின்றது. பிறகு என் கதவில் தட்டும் சத்தம். நந்தினி, கையில் மூடிய எவர்சில்வர்த் தூக்குடன் நின்றாள்.

“அங்கிள், நாளைக்கு ஊருக்குக் கிளம்பறோம், த்ரீ வீக்ஸ். ஃப்ரிட்ஜ்ல பால் வேஸ்ட் ஆயிடும். காய்ச்சிக் கொண்டாந்திருக்கேன். நீங்க எடுத்துக்கறீங்களா?”

நான் பால் விடாத தேநீர் குடிப்பவன். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். தூக்கை இரு கைகளாலும் வாங்கினேன். இன்னும் சூடாக இருந்தது. அந்தக் கிழவனிடம் பால் கொண்டுபோன சிறுமியை நினைத்தேன். நாள்தோறும் முற்றத்தைக் கடந்து வந்தவள், சாத்தப்பட்ட கதவைப் பார்த்துத் திரும்பிப் போனவள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எளிதில் நன்றி சொல்பவர்கள் அல்லர். காணிப் பதிவிலுள்ள என் உரித்தை எனக்கு வரிவரியாகத் தெரியும். அதில் இந்தக் குடியிருப்பு இருக்கிறது, பாதை இருக்கிறது, தோட்டத்தில் உட்கார ஒரு வாங்கு போட இடம் இருக்கிறது. பால் இல்லை.

“நன்றி, பிள்ளை” என்றேன். “ஊரிலை இருந்து வந்தாப்போலை, தூக்கு எடுக்க வரேக்கை ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகவேணும்.”

அவளுக்குப் பாதி விளங்கியது போலும். “கண்டிப்பா அங்கிள்” என்றாள். அவள் படியேறி, நீலச் செருப்பு ஜன்னலைக் கடந்து போகும்வரை கதவைச் சாத்தாமல் நின்றேன்.